மிதக்குமா, மூழ்குமா: ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுவது எப்படி?

செம்பருத்தி டீச்சர்

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள், நான் ஒருத்தி. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பாட்டு, ஆட்டம், அட்டை என்று வகுப்பு கலகலப்பாகத்தான் போகிறது. ஆனால் அதிலும் பெரும்பாலும் நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஒரு சிக்கலை அவர்கள் கையில் கொடுத்து, தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அடுத்த வாரம் மிதப்பது, மூழ்குவது வைத்துத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

மூன்று சந்தேகம். ஒரே ஆள் இத்தனை பேரையும் தண்ணீரோடு எப்படிச் சமாளிப்பது? "கனமா இருந்தா முழுகிடும் டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் (கண்டிப்பாகச் சொல்லும்) திருத்துவதா, விட்டுவிடுவதா? அப்புறம், நோட்டில் எழுத்து இல்லாவிட்டால் "இன்னிக்கு ஒண்ணும் நடத்தலையா" என்று வாசலில் நின்று கேட்கிற அம்மாக்களுக்கு எதைக் காட்டுவது?

பழைய கரும்பலகை

டீச்சர், நான் ஓய்வு பெற்ற ஆள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துக் கற்கும் முறை) தொடங்கியபோது அங்கே வேலை பார்த்தேன், 2007-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் அங்கே கிராமப் பள்ளிகளில் செய்துகொண்டிருந்த அட்டை முறைதான் அதற்கு வழிகாட்டி. அதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார். எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்ய வேண்டும் என்கிற கட்டாயம் போனது. உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதில் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. 26 பேருக்கும் சேர்த்துத் தண்ணீர் வைக்காதீர்கள். ஆறேழு பேர் தண்ணீரில், மற்றவர்கள் ஏற்கெனவே பழகிய, உங்களைக் கூப்பிடத் தேவையில்லாத வேலைகளில்: கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதுவது, விதைகளைப் பிரித்து அடுக்குவது, படம் வரைவது. பேசினைத் தாழ்வாரத்தில் வகுப்புக் கதவை ஒட்டி வையுங்கள், உள்ளேயும் வெளியேயும் உங்கள் பார்வையில் இருக்கும். நாலு விரல் ஆழம் தண்ணீர் போதும். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், நாளைக்கு அவர்கள் முறை என்று தெரிந்தால் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அட்டை முறையில் அட்டைகளை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தியிருப்பார்கள், காலப்போக்கில் அதில் அடுத்த படிக்குப் போவதே பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் குறியாகிவிட்டது. கேள்வியும் அட்டையில், விடையும் அட்டையில். நீங்கள் செய்ய நினைப்பதற்கு அட்டை வேண்டாம். பொருளையும் ஒரு கேள்வியையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

நீலச்சங்கு

நான் மாண்டிசோரி பயிற்சி எடுத்தவள். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார், போர் மூண்டதால் பல வருடம் இந்தியாவிலேயே தங்கிவிட்டார், கொடைக்கானலிலும் இருந்தார். நம் ஊரில் இந்த முறை பரவியதில் அந்த வருடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் மரச்சாமான் இல்லாமல் அதைச் செய்யவே முடியாது என்கிற எண்ணமும் கூடவே பரவிவிட்டது, அதுதான் வருத்தம். அந்தச் சாமான்களின் சாரம் என்ன? பிள்ளை செய்த பிழையைப் பொருளே அதற்குக் காட்டிக்கொடுத்துவிடும். உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையில் ஒன்று மாறிப்போனால் கடைசியில் ஓர் உருளை உட்காராது, பிள்ளையே முழிக்கும், எடுத்து மாற்றும். யாரும் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு டப்பாவும் அதனதன் மூடியும் கலந்து கொட்டினால் உங்கள் வகுப்பிலும் அதே வேலை நடக்கும், ஒரு ரூபாய் செலவில்லை.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் இதுதான் வழி. "கனமா இருந்தா முழுகிடும்" என்று சொல்கிற பிள்ளையைத் திருத்தாதீர்கள், அது கவனித்துப் பார்த்துச் சொன்ன பேச்சு. மறுநாள் ஒரு முழுப் பூசணிக்காயையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் கொண்டு போங்கள் (அன்றைக்கு மட்டும் பெரிய அண்டா, நிறையத் தண்ணீர்). இரண்டையும் கையில் தூக்கிப் பார்க்கட்டும், எது மூழ்கும் என்று சத்தமாகச் சொல்லட்டும், அப்புறம் போடட்டும். பூசணி மிதக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம். அடுத்த நாள் தோலோடு ஒரு கமலா ஆரஞ்சு, தோல் உரித்தது ஒன்று. தோலோடு இருப்பது மிதக்கும், உரித்தது மூழ்கும். இவ்வளவுக்குப் பிறகும் அடர்த்தி, அது இது என்று ஆரம்பிக்காதீர்கள் தயவுசெய்து. ஆறு வயதுக்கு "உள்ளே காத்து இருக்கு போல" என்பதே பெரிய கண்டுபிடிப்பு.

மரப்பாச்சி

அங்கன்வாடிப் பணியாளர். முதலில் பாதுகாப்பு. ஒன்றாம் வகுப்பு என்றாலும் குண்டுமணி மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளக் கூடிய சின்ன விதைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். தம்பி தங்கை கூட வருகிற பள்ளி என்றால் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், வேலை முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

அம்மாக்கள் விஷயம். தரையில் சாக்பீஸால் இரண்டு பெரிய வட்டம் போடுங்கள், ஒன்று மிதக்கும், இன்னொன்று மூழ்கும். தண்ணீரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பொருளையும் பிள்ளை தான் நினைக்கிற வட்டத்தில் வைக்க வேண்டும். கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, சாவி, இறகு, கல், பல்பம், பாட்டில் மூடி. போட்டுப் பார்த்த பிறகு இடம் மாற வேண்டியதை அவர்களே மாற்றட்டும். எழுதத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் நோட்டு. பிறகு நோட்டில் தாங்கள் பார்த்ததை வரையச் சொல்லி, அதன் கீழே பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே, அதன் வாய்மொழியிலேயே, நீங்கள் எழுதிக் கொடுங்கள். எங்கள் ஊர் அம்மாக்கள் அதைப் படித்துவிட்டு வீட்டில் சொம்பையும் கரண்டியையும் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வடிகால்

மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. சும்மா விட்டுவிட்டால் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. விட்டால் தண்ணீரை வாரி அடித்து விளையாடும், அதுவும் வேண்டியதுதான், ஆனால் அது மட்டுமே நடந்துவிடக் கூடாது. அகலக் கிண்ணத்துத் தண்ணீரைக் கண் முன்னாலேயே ஒல்லியான உயரக் கிளாசில் ஊற்றினாலும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் "இதில்தான் நிறைய இருக்கு" என்பார்கள், பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே காலத்திலிருந்து தெரிந்த விஷயம். கண்ணால் பார்த்தால் மட்டும் எல்லாம் புரிந்துவிடாது. பேச்சு வேண்டும். முடிந்ததும் வட்டமாக உட்கார வைத்து "நீ என்ன பார்த்தாய், ஏன் அப்படி ஆயிற்று என்று நினைக்கிறாய், உனக்கும் அப்படித்தானா" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். நம்மில் நிறையப் பேர் மூச்சு விடும் நேரம்கூடக் கொடுக்காமல் விடையைச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று, மிதக்கும் மூழ்கும் என்று பிரிப்பது கவனித்தல்தான். சிக்கல் வேண்டும் என்றால் இப்படிக் கேளுங்கள்: உருண்டையாகப் போட்டால் மூழ்குகிற களிமண்ணை மிதக்க வைக்க முடியுமா? குளத்துக் களிமண் தண்ணீரில் கரையும், கடையில் விற்கும் வண்ணக் களிமண் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாக்குவார்கள், மூழ்கும். துண்டு துண்டாக்குவார்கள், அதுவும் மூழ்கும். யாராவது ஒருவர் ஓரத்தைத் தூக்கிக் கிண்ணமாக்குவார். உடனே வகுப்பே அதைப் பார்த்துச் செய்யும், காப்பி அடிக்கிறார்கள் என்று தடுக்காதீர்கள். அப்புறம் அந்தப் படகில் எத்தனை புளியங்கொட்டை ஏற்றலாம் என்று கேளுங்கள், எண்ணுவதும் தானாக வந்துவிடும்.

செம்பருத்தி டீச்சர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வட்டம் போடும் யோசனையும் களிமண் கேள்வியும் உடனே எடுத்துக்கொள்கிறேன். வடிகால் சார் சொன்ன பேச்சு விஷயமும் மனதில் இருக்கும். ஒன்று கேட்கணும், என் பிள்ளைகள் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். வீட்டோடு சேர்த்து ஏதாவது செய்யலாமா?

பழைய கரும்பலகை

விதை நெல் இருக்கிறதே டீச்சர். உப்புக் கரைசலில் விதை பிரிப்பது தெரிந்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் வகுப்புக்கு அழையுங்கள். நல்ல முட்டை வெறும் தண்ணீரில் அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கலக்க மேலே வரும், ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதில் நெல்லைப் போட்டால் பதரும் அரைகுறை நெல்லும் மிதக்கும், திரண்ட நெல் அடியில் தங்கும். முட்டை ஏன் எழும்பியது என்று தாத்தாவைச் சொல்ல விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் முதலில் சொல்லட்டும். அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசியே ஆக வேண்டும், உப்பு இருந்தால் முளைக்காது. அலசியதை ஈரச் சாக்கில் கட்டி வையுங்கள், மிதந்ததையும் தனியாக ஒரு துணியில் கட்டி வையுங்கள். எது முளைக்கும் என்று அதற்கும் வட்டம் போட்டுவிடலாம்.