குதிரைப் பந்தயத்தில் பேவரிட் தோற்ற அன்று நீங்கள் கண்டது என்ன?

கொப்பிக்காரன், வெள்ளவத்தை

அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். சனிக்கிழமை கடை பூட்டியதும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். மருதானைப் பக்கம், இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களுக்குக் காசு கட்டுகிற ஒரு புக்கிக் கடையில் ஏறி இறங்கித்தான் வருவார். இங்கிலாந்தில் மத்தியானம் இரண்டு மணி என்றால் கோடை காலத்தில் நமக்கு மாலை ஆறரை. வேலை முடிந்து வருகிற ஆளுக்குத் தோதான நேரம். கம்பஸ் போகத் தொடங்கிய காலத்தில் நானும் அம்மாவுக்குத் தெரியாமல் கூடப் போவேன்.

ஒருநாள் அப்பா ஒரு பேவரிட்டில், அதாவது வெல்லும் என்று அதிகம் பேர் காசு கட்டிய குதிரையில், பெரிய தொகை போட்டார். நூறு ரூபாய்க்கு எழுபது ரூபாய்கூட லாபம் வராத விலை. அவ்வளவு நிச்சயமான குதிரை. கடைசி வளைவுவரை மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரிப் பின்னால் போய், பத்துக் குதிரைகளில் ஒன்பதாவது. கடை முழுக்க ஒரே சத்தம். "ஜொக்கி இழுத்திட்டான்டா!" அப்பா துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "வித்துப்போட்டாங்கள்" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை குதிரையை ஓட்டிய அந்த ஜொக்கியின் பரம்பரையே அவர் வாயில் கிடந்து உழன்றது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பந்தயத்தின் அதிகாரிகள் எழுதிய குறிப்பைக் கணினியில் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. ஓடி முடித்த பிறகு குதிரைக்கு மூக்கால் ரத்தம் வந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். "அதையும் அவங்கள்தானே எழுதுறாங்கள்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அங்கே பேவரிட் மிக மோசமாக ஓடினால் அதிகாரிகள் பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், மிருக வைத்தியர் பார்ப்பார், சிலவேளை மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அவர்கள் எழுதும் காரணங்களை நான் கொப்பியில் குறித்துக்கொள்வேன். முன்கால் லாடம் கழன்றது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. பெட்டைக் குதிரை பருவத்தில் இருந்தது. தரை காய்ந்து இறுகியிருந்தது. புறப்படும் கதவில் சுணங்கியது. என் கொப்பியில் அதிகம் வருவது எது தெரியுமா? "பயிற்சியாளரால் ஒரு விளக்கமும் தர முடியவில்லை."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கொப்பியும் கணினியும்தான். குதிரைக்குக் கிட்டப் போனவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

*

ஹட்டன்காரன், இப்போது ஜிந்துப்பிட்டி

தம்பி, நான் கிட்டப் போனவன்தான். பத்தொன்பது வயதில் நுவரெலியாவில் குதிரை லாயத்தில் வேலை. தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே குதிரை பார்த்தோம். கழுவுவது, தேய்ப்பது, நடத்துவது, சாணம் அள்ளுவது. ஏப்ரல் சீசன் வந்தால் கொழும்புக் கார்களெல்லாம் மலை ஏறிவரும். பெரிய மனிதர்கள் எங்கள் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய டிரைவர்மார் ஒரு சிகரெட்டை நீட்டி மெதுவாகக் கேட்பார்கள்: "எது வரும்?"

ஒரு வருஷம் கீழ்நாட்டிலிருந்து ஒரு குதிரை வந்தது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. முந்தைய ஓட்டங்களை வைத்து அதுதான் பேவரிட். பந்தயத்துக்கு இரண்டு இரவுக்கு முன் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வழி முழுக்கத் தலையைத் தூக்கி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இறங்கும்போது நான்தான் கயிற்றைப் பிடித்தேன். உடம்பெல்லாம் பளபளவென்று இருந்தது. யார் பார்த்தாலும் அதன்மேல் காசு போடுவார்கள்.

அன்று இரவு வைத்த தீனியில் பாதி தொட்டியிலேயே கிடந்தது. விடிய நடத்திக்கொண்டு போகும்போது இரண்டு தரம் இருமியது. எங்கள் மூத்தவரிடம் சொன்னேன். "பாதைக் களைப்புடா. நுவரெலியாக் குளிருக்கு மனுசனே இருமுறான்" என்றார். நானும் விட்டுவிட்டேன். காய்ச்சல் பார்க்கும் கருவி லாயத்தில் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பந்தயத்தில் பாதி வழிவரை முன்னுக்கு நின்றது. நேர்ப்பாதைக்குத் திரும்பியதும் கழுத்தை நீட்டுவதை நிறுத்திவிட்டது. ஐந்தாவதாக வந்தது. ஜொக்கி பாவம், சின்னப் பையன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விழுந்த தூஷணத்துக்கு அளவே இல்லை. இரண்டு நாளில் குதிரைக்கு நல்ல காய்ச்சல். மூக்கால் கெட்டியாகச் சளி. மிருக டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி: "தலையைக் கட்டியா கொண்டுவந்தீங்க?" குதிரை தலையைக் குனிந்தால்தான் நெஞ்சிலுள்ள சளியும் தூசியும் இறங்கி வெளியே வருமாம். மணிக்கணக்காகத் தலையை மேலே கட்டிவைத்தால் எல்லாம் நுரையீரலுக்குள்ளேயே தங்கிவிடும். அது அதற்கு முன் எங்களுக்கு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம். காற்றில் பிராணவாயு குறைவு. கொஞ்சம் பழகிய குதிரையும் முந்தாநாள் வந்து இறங்கிய குதிரையும் ஒன்றல்ல. ஏப்ரலில் பின்னேர மழை வேறு. ஒரு மணித்தியாலம் கொட்டினால் தரை சேறாகிவிடும், காலையில் போட்ட கணக்கெல்லாம் பிழைத்துவிடும்.

நான் டிரைவர்மாருக்குப் பிற்காலத்தில் சொன்ன பதில் இதுதான்: குதிரையின் தோலைப் பார்க்காதே, தீனித் தொட்டியைப் பார். அந்தச் செம்மண் குதிரை எனக்கு மூன்று தரம் சொன்னது. நான் ஒரு தரம்தான் வாய் திறந்தேன்.

*

கொட்டாஞ்சேனைத் தாத்தா

மகள்தான் தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

இன்றைக்குக் கறுவாத்தோட்டத்தில் ரக்பி விளையாடுகிற, பக்கத்தில் கடைகளெல்லாம் இருக்கிற அந்த இடம்தான் எங்கள் ரேஸ் கோர்ஸ். 1893இல் திறந்தது. அதற்கு முன் காலிமுகத்திடலில் ஓடினார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதே ரேஸ் கோர்ஸில் விமானங்கள் இறங்கின. 1956இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்த பிறகு கொழும்பில் குதிரை ஓட்டம் நின்றது. கடைசி இரண்டு வருஷம் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் போயிருக்கிறேன். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்.

ஐயா காசு போடுவது குறைவு, பார்ப்பது அதிகம். குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் போய் நின்றுகொள்வார். ஒருநாள் எல்லோரும் கைகாட்டிய ஒரு கறுப்புக் குதிரை, கழுத்திலும் பின்தொடைகளுக்கு இடையிலும் சவர்க்கார நுரை மாதிரி வெள்ளை வெள்ளையாக வழிய, கடிவாளத்தைக் கடித்துக்கொண்டு குறுக்குக் குறுக்காக நடந்தது. எனக்கு அது சண்டைக்குப் போகிற வீரன் மாதிரித் தெரிந்தது. ஐயா சொன்னார்: "இது இங்கையே ஓடி முடிச்சிட்டுது." அப்படியே நடந்தது. கடைசி, அல்லது கடைசிக்கு முதல்.

அவர் இன்னொன்றும் சொல்லுவார். "வேர்த்து ஊத்துற குதிரையும் வேண்டாம், வேர்க்கவே வேர்க்காத குதிரையும் வேண்டாம்." முதலாவது எனக்கு விளங்கியது. இரண்டாவது இன்றுவரை விளங்கவில்லை. ஐயாவிடம் கேட்கவும் இனி முடியாது.

*

மாட்டு டாக்டர், தெஹிவளை

பேராதனையில் படித்த மிருக வைத்தியர் நான். தெஹிவளையில் எல்லோரும் கூப்பிடுவது மாட்டு டாக்டர் என்றுதான், பழகிவிட்டது.

தாத்தா, உங்கள் ஐயா கெட்டிக்காரர். எங்களைப் போன்ற புழுக்கமான நாடுகளுக்குக் குளிர் நாட்டுக் குதிரையைக் கொண்டுவந்தால், சிலவற்றுக்கு மெல்ல மெல்ல வேர்ப்பதே நின்றுவிடும். வியர்வைச் சுரப்பி களைத்துப்போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்திருக்கும், மூச்சு வாங்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். குதிரை தன் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வியர்வையால்தான். வேர்க்காத குதிரை கொழும்பு வெயிலில் ஓடினால், தண்ணீர் இல்லாத ரேடியேட்டரோடு கார் ஓடுகிற மாதிரிதான்.

கொப்பிக்காரத் தம்பியின் "விளக்கம் தர முடியவில்லை" என்ற வரிக்கு வருகிறேன். கொழும்பில் சவாரி பழக்கும் ஒரு இடத்தில் வயதான ஒரு முன்னாள் பந்தயக் குதிரை இருந்தது. நடந்தால் ஒன்றுமில்லை, வேகமாக விட்டால் நின்றுவிடுகிறது என்றார்கள். சோம்பல் என்று ஒருவர், கள்ளம் என்று இன்னொருவர். நான் இடது முன்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். குதிரையின் இதயம் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தரம்தான் அடிக்கும். மெதுவான, பெரிய சத்தம். கேட்கவே சுகமாக இருக்கும். இதில் ஒழுங்கே இல்லை. இரண்டு அடி, ஒரு பெரிய இடைவெளி, மூன்று அடி, சின்ன இடைவெளி. மேலறைகள் சுருங்காமல் சும்மா துடித்துக்கொண்டிருந்தன. நிற்கிற குதிரைக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் முழுவேகத்தில் இதயம் இருநூறைத் தாண்டி அடிக்க வேண்டும். அப்போது போதிய ரத்தம் போகாது.

வேடிக்கை என்னவென்றால், பந்தயத்தின் நடுவில் இப்படிப் பிடிக்கும் குதிரைகள் பலவற்றுக்கு ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். அடுத்த நாள் டாக்டர் வந்து காது வைத்தால் கடிகாரம் மாதிரி அடிக்கும். அவர் என்ன எழுதுவார்? ஒன்றுமில்லை என்றுதான். பிரிட்டனில் டென்மன் என்று ஒரு பெரிய குதிரை 2008இல் செல்டென்ஹாம் கோல்ட் கப் வென்றது. அதே வருஷம் இந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு, மருந்து கொடுத்து, அடுத்த வருஷம் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது.

தொண்டையும் இப்படித்தான். குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. பாய்ந்து ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. அந்த நேரத்தில் மென்அண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்க மெல்லிய சதை, நழுவி மேலே ஏறிவிட்டால் மூச்சுக்குழாய் வாசலில் பாதிக் கதவு சாத்திய மாதிரி. கொறகொறவென்று ஒரு சத்தம், சட்டென்று பிரேக் போட்டது போல வேகம் விழும். "நாக்கை விழுங்கிவிட்டது" என்பார்கள் ஜொக்கிகள். ஒரு தரம் எச்சில் விழுங்கினால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் சிலவற்றுக்கு நாக்கை ஒரு பட்டியால் கீழ்த்தாடையோடு கட்டிவிடுகிறார்கள்.

மூக்கு ரத்தம் உண்மையில் நுரையீரல் ரத்தம். முழுவேக ஓட்டத்தில் அழுத்தம் தாங்காமல் மெல்லிய நாளங்கள் வெடிக்கின்றன. ஓடிய பிறகு குழாய்க் கமரா விட்டுப் பார்த்தால் பெரும்பாலான குதிரைகளில் கொஞ்சமாவது தெரியும். மூக்குக்கு வெளியே வருவது மிகச் சிலவற்றில்தான். வயிற்றுப் புண்ணைப் பற்றித் தொடங்கினால் விடியும்வரை எழுதவேண்டி வரும், விடுகிறேன்.

ஒன்று மட்டும். 1973இல் அமெரிக்காவில் செக்ரட்டேரியட், வுட் மெமோரியல் பந்தயத்தில் பேவரிட்டாக இறங்கி மூன்றாவதாக வந்தது. வாய்க்குள் ஒரு சீழ்க்கட்டி. அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து கென்டக்கி டார்பியை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடித்தது. அந்த நேரத்தை இன்னும் எந்தக் குதிரையும் அந்தப் பந்தயத்தில் முறியடிக்கவில்லை.

*

ஆமர் வீதி

எல்லாம் சரி டாக்டர். ஆனால் எல்லாக் குதிரைக்கும் கட்டியும் காய்ச்சலும்தான் என்றால் நானும் நம்பமாட்டேன். 1990 செப்டம்பரில் இங்கிலாந்தில் டொன்காஸ்டரில் இரண்டு குதிரைகளுக்கு யாரோ மயக்க மருந்து கொடுத்தது பரிசோதனையில் பிடிபட்டதே? புக்கியில் நாற்பது வருஷம் நிற்கிற எங்களுக்கு மூக்கில் ஒரு மணம் வரும்.

ஒரு நியாயமும் சொல்கிறேன். பேவரிட் என்பது குதிரைக்குக் கொடுத்த பட்டமல்ல, அதன்மேல் சனம் கொட்டிய காசு. மூன்று பந்தயத்துக்கு ஒன்றில்தான் பேவரிட் வெல்லும், ஏறக்குறைய. மற்ற இரண்டையும் தோற்கிற நாங்கள் மூன்றாவதை மட்டும் வீட்டில் கதைப்போம்.

*

கொப்பிக்காரன், வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. நேற்று எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹட்டன்காரன் அண்ணையின் தீனித் தொட்டியில் இரண்டு தரம் நிறுத்தச் சொன்னார். ஆமர் வீதிக்காரர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாத்தியா?" என்றார். டாக்டரின் தொண்டைக் கதையில் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்த ஜொக்கிக்கு நான் பேசின பேச்சு?" என்று கேட்டார். பதினேழு வருஷம் கழித்து.

இன்று காலை ரேஸ் பேப்பரில் ஒரு பேவரிட்டின் பெயருக்குப் பக்கத்தில் நாக்குக் கட்டியிருப்பதற்கான சின்னக் குறி இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது மூச்சுக்குக் கஷ்டப்படுற பிள்ளை. வேண்டாம்" என்று பேவரிட்டுக்கு அடுத்த விலைக் குதிரையில் போட்டார்.

நாக்குக் கட்டியது நாலு குதிரை நீளத்தில் வென்றது. அப்பா இப்போது டாக்டரைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.