வழியில் தொலைந்த ரிட்டர்ன் பார்சல்: பணம் கேட்க உரிமை உண்டா, இல்லையா?

பொருநை மணி:
நம் மன்றத்தில் நேற்று வெண்பனி போட்ட இண்டக்‌ஷன் அடுப்பு விவாத இழையில் திருப்பூர் நூல்காரர் இப்படி எழுதியிருக்கிறார்: "ரிட்டர்ன் பொருள் குடோனுக்கு வந்து சேர்ந்தால்தான் பணம். நடுவழியில் தொலைந்தால் கூரியர்காரனைக் கேளுங்கள்." அதற்குக் கீழே நாலு பேர் ஆமாம் சாமி வேறு. படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை.

அந்த இழையைப் பார்க்காதவர்களுக்கு: அடுப்பின் கண்ணாடித் தகடு விரிசலோடு வந்தது. அந்த அம்மா ஆப்பில் ரிட்டர்ன் போட்டார். கம்பெனி அனுப்பிய பையன் வீட்டுக்கே வந்தான். பெட்டியைப் பிரித்துப் பார்த்தான், அடியில் ஒட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்தான், பையில் போட்டு ஒட்டினான், போனுக்கு வந்த ஓடிபியை வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகு ட்ராக்கிங் நகரவே இல்லை. கேட்டால் "பொருள் எங்களுக்கு வரவில்லை, ரீஃபண்ட் கிடையாது" என்று பதில்.

ஓடிபி கொடுத்தாகிவிட்டது. வாங்கியவர் பொறுப்பு அந்த நொடியோடு முடிந்தது. முகவர் கையில் கொடுத்தால் முதலாளி கையில் கொடுத்த மாதிரிதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிற விஷயம் இது. நேற்று முளைத்த ஆப்புக்காக அது மாறிவிடாது.

திருப்பூர் நூல்காரன்:
மணி அண்ணா, என் வரியில் பாதியை வெட்டி ஒட்டியிருக்கீங்க. "சின்ன வியாபாரிக்கு வேறு வழி இல்லை" என்றும் எழுதியிருந்தேன். அதை விட்டுட்டீங்க, பரவாயில்லை.

ஓடிபி, ஓடிபி என்கிறீங்களே, ஒரு பை கைமாறியதற்குத்தான் அது சான்று. பைக்குள் என்ன இருந்தது என்று அது சொல்லுமா? என் குடோனுக்கு வாங்க, காட்டுறேன். போன மாதம் ஒரு ரிட்டர்ன் பை. வெளியே என்னுடைய பார்கோட், உள்ளே கழுத்துப்பட்டி நைந்து, சலவைக்குறி போட்ட பழைய பனியன். எங்கள் புது டேக்கை அறுத்து அதில் குத்தியிருந்தார்கள். அந்தப் பைக்கும் ஓடிபி வாங்கித்தான் இருக்கிறார்கள். அப்போது என் பணத்தை யார் தந்தது? சட்டம் பேசுகிற யாரும் வரவில்லை.

சாந்தி டீச்சர்:
இருவரும் ஒரு நிமிடம். இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். விற்பவர், ஆப் வைத்திருப்பவர், கூரியர். நீங்கள் மூவரையும் "கம்பெனி" என்று ஒன்றாகக் கட்டிப் பேசுகிறீர்கள். பிக்கப்புக்கு ஆள் அனுப்பியது யார், பணத்தைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று முதலில் பார்க்கலாமே? வாங்கியவரே கூரியர் ஆபீஸுக்குப் போய்க் காசு கட்டி அனுப்பியிருந்தால் கதையே வேறு.

பொருநை மணி:
டீச்சர், அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஓடிபி கொடுத்தாரா இல்லையா? கொடுத்தார். முடிந்தது.

நூல்காரரே, உங்கள் பனியன் கதை கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொருளை மாற்றி அனுப்பிய மோசடி. இங்கே பேசுவது தொலைந்த பொருளைப் பற்றி. இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்? வெண்பனி வீட்டில் பையன் பெட்டியைப் பிரித்து எண் சரிபார்த்துத்தான் எடுத்துப் போனான். சட்டத்தையே எடுத்து வைக்கிறேன்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுத்தால் அது முறையற்ற வணிக நடைமுறை.

பேங்க் ஊழியர் வீட்டுக்கு வந்து தவணைப் பணம் வாங்கி ரசீது கொடுத்துவிட்டுப் போகிறார். வழியில் அவர் பையைத் தொலைத்தால் பேங்க் என்னிடம் மறுபடி வசூலிக்குமா? அந்த ரசீதுதான் இந்த ஓடிபி.

திருப்பூர் நூல்காரன்:
"திரும்ப எடுத்துக்கொண்டு" என்று நீங்களே எழுதிட்டீங்க. எடுத்துக்கொண்டால்தானே? என் கைக்கு வராததை நான் எப்படி எடுத்துக்கொண்டதாக ஆகும்?

பொருநை மணி:
ஓடிபி வாங்கியதுதான் எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் எப்படி எழுதுவது? நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து நரைத்தவன். ரசீது கையில் இருக்கிறவனை எந்தக் கோர்ட்டிலும் வெறுங்கையோடு அனுப்பி நான் பார்த்ததில்லை.

லண்டன் ராசு:
இங்கே பிரிட்டனில் 2013ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதை மனம் மாறித் திருப்பினால், பொருள் விற்பவருக்குக் கிடைத்த நாள், அல்லது அனுப்பியதற்கான சான்றை நாம் காட்டிய நாள், இதில் எது முந்தியதோ அதிலிருந்து 14 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். அனுப்பிய சான்று போதும். அங்கே இதைக் கொண்டுவர ஏன் யாரும் குரல் கொடுப்பதில்லை என்று புரியவில்லை.

திருப்பூர் நூல்காரன்:
ராசு சார், லண்டனில் பனியன் வாங்குகிறவர் கொடுக்கிற விலையையும் கொண்டுவாங்க, அந்த விதியையும் சேர்த்து வாங்கிக்கிறோம்.

பொருநை மணி:
ராசு, நல்ல தகவல். ஆனால் நீங்கள் சொன்னது மனம் மாறியதற்கு. இங்கே பொருளே விரிசல். நமக்கு லண்டன் விதி தேவையில்லை, இங்கே இருப்பதே போதும். கேட்க ஆள் இல்லாததுதான் குறை. போன வருடம் மின்கட்டண இழையிலும் இப்படித்தான் நடுவில் வந்து "எங்கள் ஊரில்" என்று ஆரம்பித்தீர்கள்.

லண்டன் ராசு:
என் ஊரும் அம்பாசமுத்திரம்தான் அண்ணாச்சி. மின்கட்டண இழையில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர்:
ஓடிபியாம்! நாங்கள் முப்பது வருடம் கையெழுத்து வாங்கித்தான் பட்டுவாடா செய்தோம். கையெழுத்தை அழிக்க முடியாது. போனில் வருகிற நாலு எண்ணை நம்பி மூவாயிரம் ரூபாய்ப் பொருளைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். பேசாமல் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டிருக்கலாம்.

பொருநை மணி:
ஸ்பீட் போஸ்ட்டில் தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லுங்களேன் ஐயா. கட்டின கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. இன்ஷூர் செய்யாவிட்டால் மூவாயிரம் ரூபாய் அடுப்புக்கு டீச்செலவு அளவுக்குத்தான் வரும். உங்கள் இலாகா பெருமையை மணியார்டர் இழையிலேயே பார்த்துவிட்டோம்.

ஓய்வுபெற்ற தபால்காரர்:
மணியார்டர் இழையை இழுக்காதீர். அங்கே நான் கேட்ட கேள்விக்கு நீர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வெண்பனி:
மணி அண்ணாச்சி, எனக்காக இவ்வளவு பேசுவதற்கு நன்றி. ஒரு விஷயம் இன்று காலை கவனித்தேன். ஆப்பில் "பிக்கப் முடிந்தது" என்று பச்சையில் இருந்த வரி இப்போது "பிக்கப் ரத்து" என்று மாறியிருக்கிறது. நேரமும் காணோம். நல்லவேளை, அன்றைக்கே என் மகள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸும் இருக்கிறது. சாட்டில் கேட்டால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அதே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். நான் யாரிடம் எழுதுவது? விற்றவருக்கா, ஆப்புக்கா?

திருப்பூர் நூல்காரன்:
பார்த்தீங்களா! ரத்து என்றால் பையின் பார்கோட் ஸ்கேன் ஆகவில்லை என்று அர்த்தம். ஸ்கேன் இல்லாமல் ஓடிபி மட்டும் வைத்து என்ன செய்ய?

பொருநை மணி:
ஸ்கேன் ஆகாமல் "முடிந்தது" என்று எப்படி வந்தது? அந்த அம்மா சொன்ன எண்ணைப் போட்டால்தானே அந்தத் திரை பச்சையாகும்? எழுதினதை அழித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை வாங்கினவரிடம் கேட்கிறீர்கள். ஓடிபி கொடுத்தாகிவிட்டது, நூல்காரரே. ரத்து என்று மாற்றினால் கொடுத்தது கொடுக்காததாகிவிடாது.

பைக் பாண்டி:
நான் பிக்கப் ஓட்டுகிறவன். யாரும் எங்களிடம் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். ஓடிபி போட்டால்தான் எங்கள் போனில் அடுத்த திரைக்கே போகும். அப்புறம் பையில் இருக்கிற பார்கோடை அடிக்க வேண்டும். கேட்வாசலில் சிக்னல் இல்லை என்றால் பை கையில் இருக்கும், ஸ்கேன் ஏறாது. ராத்திரி ஹப்பில், அதாவது பார்சல் பிரிக்கிற இடத்தில், சாக்கு சாக்காகக் கொட்டுவார்கள். அங்கே விடுபட்டதற்கு முதலில் எங்கள் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். நேற்றைய இழையில் ஒருத்தர் "பையனே லவட்டியிருப்பான்" என்று எழுதினார். அவர் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திருப்பூர் நூல்காரன்:
அதை நான் எழுதவில்லை தம்பி.

பைக் பாண்டி:
நீங்கள் அதற்கு ஆமாம் போட்டீர்கள் அண்ணே.

திருப்பூர் நூல்காரன்:
ஆமாம் போட்டது வேறு வரிக்கு. சரி, அதை விடுங்க. தம்பி சொன்னதையே எடுத்துக்கங்க. ஓடிபி போட்ட பிறகும் ஸ்கேன் ஏறாமல் இருக்கலாம். நான் சொன்னதும் இதுதானே?

பொருநை மணி:
இல்லை, நான் சொன்னதும் இதுதான். பை பையன் கையில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். ஓடிபி கொடுத்ததும் பொருள் வாங்கினவர் வீட்டில் இல்லை. ஹப்பில் சாக்கில் விடுபட்டால் அது உள்வீட்டுக் கணக்கு. பாண்டி சம்பளத்தில் பிடிப்பது அநியாயம், அதை வெண்பனி தலையில் கட்டுவது அதைவிட அநியாயம்.

சாந்தி டீச்சர்:
வெண்பனி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆள் அனுப்பியதும் பணம் வாங்கியதும் ஆப்தான் என்றால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அலுவலர் பெயரும் தொடர்பு விவரமும் ஆப்பிலேயே இருக்க வேண்டும்.

பொருநை மணி:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் அந்த அலுவலருக்கு எழுதும்போது முதல் வரியே "ஓடிபி கொடுத்தாகிவிட்டது" என்று இருக்க வேண்டும். அந்த எஸ்எம்எஸ், பழைய ஸ்க்ரீன்ஷாட், மாறிய பிறகு எடுத்த ஸ்க்ரீன்ஷாட், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள் அம்மா. போனில் பேசாதீர்கள், எழுத்தில் மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், அவர்கள் எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 2 வருடம் அவகாசம் இருக்கிறது, வக்கீலும் கட்டாயம் இல்லை. மனு எழுத நான் இருக்கிறேன்.

திருப்பூர் நூல்காரன்:
மனுவில் எதிர்மனுதாரர் என்று விற்றவர் பெயரையும் சேர்த்துத்தானே போடுவீங்க? அவரும் என்னை மாதிரி நாலு தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவராக இருக்கலாம். அவர் வேலையை விட்டுத் திருநெல்வேலிக்கு அலைய வேண்டும். உங்கள் ஒரு ஓடிபிக்காக.

பொருநை மணி:
அலைய வேண்டாம். வீடியோ வழியாக ஆஜராகச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அப்புறம், அடுப்பு விற்கிறவருக்கு எதற்குத் தையல் மெஷின்?

திருப்பூர் நூல்காரன்:
பேச்சுக்குச் சொன்னால் அதையும் பிடிச்சுக்குவீங்க. குடோனுக்கு வராத பொருளுக்கு நான் பணம் தரமாட்டேன். என் கடையில் நேற்றும் இதுதான், நாளைக்கும் இதுதான்.

பொருநை மணி:
உங்கள் கடைப் பெயரைச் சொல்லுங்கள், எங்கள் தெருவில் யாரும் வாங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

பைக் பாண்டி:
அவர் கடைப் பார்சலையும் நான்தான் எடுக்கிறேன் அண்ணாச்சி. பேக்கிங் டேப் ஒரு சுற்றுதான் ஓட்டுவார். வழியில் பிரிந்துவிடும்.

திருப்பூர் நூல்காரன்:
தம்பி, டேப் விலை தெரியுமா உனக்கு?

ஓய்வுபெற்ற தபால்காரர்:
டேப் எதற்கு? துணியில் தைத்து அரக்கு வைத்தால் எங்கே பிரியும்? மணி, மணியார்டர் இழையில் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இங்கே மனு எழுதுவதற்கு முன்னால் அங்கே வந்து பதில் எழுதும்.

பொருநை மணி:
ஐயா, அங்கே பதில் போட்டுத்தான் இருக்கிறேன், இரண்டாவது பக்கத்தில். நூல்காரரே, நான் கேட்டதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்: அந்த அம்மா ஓடிபி கொடுத்தாரா, இல்லையா?