முதல் மோட்டார் படகு: அணைத் தண்ணிக்கு எது தோது?

கேள்வி (பென்னாகரம்): நாலு பேர் குடும்பம். மேட்டூர் அணைத் தண்ணியில ஒட்டனூர், நாகமரை பக்கம் ஓட்ட 14 அடியா, 18 அடியா? எஞ்சின் எவ்வளவு?

பதில் 1: 14 அடி போதுங்க, 15 குதிரைத் திறன் தாராளம். மேட்டூர் 120 அடி நிரம்பியிருக்கும்போது தண்ணி நிற்கிற இடம் வேற, வடிஞ்ச பிறகு வேற. இடையில முழுக்கச் சேறு. 18 அடி பைபர் படகு எஞ்சினோட அரை டன்னைத் தாண்டிடும், அதை யார் தள்ளுறது? ஆள் கணக்குக்கு நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுங்க. 14க்கு 5 என்றால் நாலு பேர். மாமியாரும் வருவாங்கன்னா இன்னொரு நடை.

தண்ணி இறங்கினா பண்ணவாடியில் மூழ்கின கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தெரியும். தெரியுற வரைக்கும் பயமில்லை. அரை அடி தண்ணிக்குள்ள மறைஞ்சு நிற்கிறப்பதான் புரொப்பெல்லர் போகும். ஷியர் பின் (முட்டினா தான் முறிஞ்சு எஞ்சினைக் காப்பாத்துற சின்ன ஆணி) வெச்ச எஞ்சின்னா உதிரிப் பின் ரெண்டும் ஒரு குறடும் படகிலேயே கிடக்கட்டும்.

பதில் 2: வாங்கும் முன்னே பின்பலகை, அதாவது எஞ்சினை மாட்டுற பலகை, உயரத்தை அளங்க. 15 அங்குலம்னா குட்டை ஷாஃப்ட் (எஞ்சினிலிருந்து புரொப்பெல்லர் வரை இறங்குற தண்டு), 20னா நீள ஷாஃப்ட். 20 அங்குலப் பலகையில் குட்டையை மாட்டினா புரொப்பெல்லர் காத்தை இழுக்கும். எஞ்சின் கத்தும், படகு நகராது. நீளத்தை 15ல் மாட்டினா அஞ்சு அங்குலம் கூடுதலா இறங்கி அடிப்பாறையில் முட்டும்.

பழைய படகுன்னா பின்பலகையை நாணயத்தால் தட்டிப் பாருங்க. மந்தமான சத்தம் வந்தா உள்ளே இருக்கிற பிளைவுட் ஊறிப்போச்சு, விலை குறைச்சாலும் வேண்டாம். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் போயிடுச்சு. எஞ்சின் ஓடும்போது அதைக் குளிர்விக்கிற தண்ணி பின்னாடி மெல்லிய தாரையா நிக்காம வரணும். ஆகாயத்தாமரை உறிஞ்சு வாயை அடைச்சா அது நின்னுடும், உடனே அணைச்சிடுங்க.

பதில் 3: டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோல் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் கலக்கணும், தண்ணியில் குளிரும் படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ரகம். பைக்குக்கு ஊத்துற 2டி ஆயில் மலிவுதான், ஆனா அது காத்தில் குளிரும் எஞ்சினுக்கு. அதிலிருக்கிற சாம்பல் பிளக்கில் படியும். எத்தனால் கலந்த பெட்ரோலை மாசக்கணக்கில் டேங்கில் விடாதீங்க, ஈரத்தை இழுத்துத் தண்ணியாப் பிரியும்.

கில் சுவிட்ச் (ஆள் விழுந்தா எஞ்சினை நிறுத்துறது) கயிறு ஓட்டுறவர் உடம்பில் மாட்டியிருக்கணும். பிள்ளைங்க லைஃப் ஜாக்கெட் எடைக்கேத்த அளவில், கால் இடுக்கு வாருடன். ஆடிக் காத்தில் மதியத்துக்கு மேல நடு ஏரிக்குப் போகாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னே, 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி எந்திரப் படகுக்குப் பதிவு வேணும். கிருஷ்ணகிரி அணையோ மேட்டூரோ, நீர்வளத் துறை எழுத்தில் அனுமதி தராம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஒகேனக்கல்ல பரிசலோட நிறுத்திக்கோங்க, பாறைக்கு நடுவுல எஞ்சினுக்கு இடமில்லை.