நேர்ல பார்த்தா வயசு தெரியுது

கும்பகோணம், அழகுநிலையம் நடத்துகிறேன்:

போன வருடம் எங்கள் ஊரில் ஒரு நகைக்கடை திறப்பு விழா. ரிப்பன் வெட்ட ஒரு நடிகை வந்திருந்தார். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் பாதி ஊரின் சலூன்களில் காலண்டராகத் தொங்கியவர். அவருடைய மேக்கப் ஆள் வந்த கார் வழியில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. (விக்கிரவாண்டி ரோட்டைப் பற்றி நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) கடைசி நேரத்தில், கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற என்னை லாட்ஜ் அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

வழக்கம்போல ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டேன். அவரே எழுந்து அதைச் சுவர் ஓரமாக நகர்த்தினார். "இந்த வெளிச்சம் வேணாம்க்கா." நெற்றியில் பவுண்டேஷன் தடவும்போது விரல் வழுக்கிக்கொண்டு போனது, புதிதாகப் போட்ட மார்பிள் தரை மாதிரி. புருவம் வரைவதற்காகக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். தூக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "ஏறாதுக்கா, ஊசி போட்டு மூணு வாரம்தான் ஆகுது" என்றார். நாய்க்கடிக்கு ஊசி போட்டதைச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

அப்புறம் அவராகவே பேசினார். முப்பத்தாறு வயதில் அம்மா வேஷத்துக்குக் கேட்டார்களாம். மகனாக நடிக்க வேண்டியவர் இவரைவிட இரண்டே வயது சின்னவர். "முடியாதுன்னு சொன்னேன். அப்புறம் ஒன்றரை வருஷம் போனே வரலை." அந்த ஒன்றரை வருடத்தில்தான் முதல் ஊசி.

விழாவில் முன்வரிசையில் என் மாமியார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் பெரிசு. "என்னதான் சொல்லு, நேர்ல பார்த்தா வயசு தெரியுது" என்றார். மேடைவரை கேட்டது. நடிகை சிரித்தார், உதடு மட்டும். வருத்தப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தானே காசு கொடுத்திருக்கிறார்.

யாரையாவது இப்படிப் பக்கத்தில் பார்த்திருந்தால் எழுதுங்கள். பெயர் போடாதீர்கள்.

திருக்கடையூர், சமையல் காண்ட்ராக்ட்:

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வயதைச் சொல்லிக்கொள்ளத்தான் வருகிறார்கள். 60 முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம். மார்க்கண்டேயர் என்றும் பதினாறாக நின்றுவிட்ட தலம். அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இங்கே வயது கூடிக்கொண்டேதான் போகிறது.

சில வருடம் முன்னால் ஒரு பழைய ஹீரோவுக்கு அறுபதாம் கல்யாணம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஹோமம், எண்பது இலைக்கு டிபன் என் பொறுப்பு. ஃபிளெக்ஸ் கூடாது, தாம்பூலப் பையில் 60 என்று அச்சடிக்கக் கூடாது, வேலையாட்கள் செல்போனைக் கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் கறார். எல்லாம் சரி. ஆனால் மேனேஜர் ஒன்றை மறந்துவிட்டார். இந்தக் கல்யாணத்தில் கலச நீரைத் தலையில்தான் ஊற்றுவார்கள். சல்லடையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஊற்ற வேண்டும். ஹீரோ தலையில் விக்.

சாஸ்திரிகள் பார்க்கிறார், மேனேஜர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார், பெண்டுகள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மனிதர் ஒரு நிமிடம் யோசித்தார். தானே விக்கைக் கழற்றி மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு மணையில் உட்கார்ந்தார். முதல் சொம்பு விழுந்ததும் அவர் மனைவி சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. வழுக்கைத் தலையில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தவர் அசல் எங்கள் பெரியப்பா மாதிரியே இருந்தார். பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த படத்தில் கல்லூரி மாணவராகத்தான் வந்தார், அது வேறு விஷயம்.

தஞ்சாவூர், தோல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள்:

நெற்றி ஊசி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். அது போட்டாக்ஸ். நரம்பிலிருந்து தசைக்குப் போகிற தகவலைத் தடுத்துவிடும், தசை சுருங்காது, சுருக்கமும் விழாது. மூன்று நாலு மாதம்தான் தாங்கும். திரும்பப் போட வேண்டும். ஃபில்லர் என்பது வேறு. தோலுக்கு அடியில் ஜெல் மாதிரி நிரப்புவது. கன்னம், உதடு இரண்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள். அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துச் சதை செத்துவிடும். கண்பார்வை போனவர்களும் உண்டு. அதனால்தான் பார்லரில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று எங்கள் டாக்டர் தொண்டை வறளச் சொல்வார்.

நான் இருந்த ஒன்பது வருடத்தில் பெண்கள் செல்போனில் நடிகை படத்தைக் காட்டி "இந்த மூக்கு" என்பார்கள், புடவைக்கடையில் டிசைன் காட்டுவது போல. 2020-இல் ஸ்ருதி ஹாசன், ஆமாம், பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வெளிப்படையாக எழுதினார். இதைப் பரப்பவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்களிடம் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்தார்கள்.

நான் மறக்காத முகம் ஒரு கல்யாணப் பெண்ணுடையது. பாபநாசம் பக்கத்துக் கிராமம், தையில் முகூர்த்தம். மெடிக்கலில் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு களிம்பை ஆறு மாதம் பூசியிருக்கிறாள். முதலில் நன்றாக வெளுத்ததாம். உள்ளே ஸ்டீராய்டு. மார்கழியில் எங்களிடம் வந்தபோது முகமெல்லாம் சிவந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்து, மோவாயில் ரோமம். நிறுத்தினால் எரிகிறது, பூசினால் அடங்குகிறது. இந்தக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. எந்தக் கடையில் கேட்கிறார்கள்? கூட வந்த அத்தைக்காரி கேட்ட ஒரே கேள்வி: "தை பதினாலுக்குள்ள சரியாயிடுமா?"

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற ஆசிரியர்:

கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்த எம்.ஜி.ஆர். 1917-இல் பிறந்தவர். 1977-இல் முதலமைச்சராகும்வரை கதாநாயகன்தான். ஜோடியாக நடித்தவர்களில் மகள் வயதுக்காரர்கள் உண்டு. தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டார், நாங்களும் வயதைக் கேட்கவில்லை. 2011-இல் அஜித் நரைத்த தலையோடு 'மங்காத்தா'வில் வந்தபோது எங்கள் தெருப் பையன்கள் கறுப்பு முடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒரு நடிகை அதே தலையோடு வந்தால் பாட்டி வேஷம்தான் கொடுத்திருப்போம்.

திருவாரூர், இல்லத்தரசி:

அவங்க முகம், அவங்க காசு. நாம் ஏன் பஞ்சாயத்து வைக்கிறோம் என்று புரியவில்லை. பல்லுக்குக் கம்பி போட்டால் யாரும் கேட்பதில்லையே.

தஞ்சாவூர், தோல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள்:

பல்லுக்குக் கம்பி போட்டு யாரும் சாகவில்லை அக்கா. 2022 மே மாதம் பெங்களூரில் சேத்தனா ராஜ் என்ற கன்னட சின்னத்திரை நடிகை கொழுப்பு எடுக்கும் சிகிச்சைக்குப் போனார். வீட்டிலும் சொல்லவில்லையாம். திரும்பி வரவில்லை. வயது 21.

மெலட்டூர்:

எங்கள் ஊர் பாகவத மேளாவில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நாடகம் நடக்கும், முடியும்போது பொழுது விடிந்துவிடும். என் சித்தப்பா ஐம்பத்தெட்டு வயதுவரை கட்டினார். ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த பையன் ஒருவன் என்னிடம், "அந்தப் பொண்ணு யாரு சார், ரொம்ப அழகா இருக்காங்க" என்றான். மறுநாள் டீக்கடையில், காதோரம் அரிதாரம் சரியாகக் கலையாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவைக் காட்டினேன். பையன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

இவ்வளவு வயதில் எப்படி என்று கேட்டால் சித்தப்பா சொல்வார்: "ஜனங்க இருபதடி தள்ளி உக்காந்திருக்கான்டா. இப்ப காமிரா மூக்குக்குள்ளயே வந்துடுது. பாவம் அந்தப் பொண்ணுங்க எங்க போய் ஒளியும்?"

திருவாரூர், இல்லத்தரசி:

கும்பகோணத்து அக்கா, அந்த நடிகை போகும்போது உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

கும்பகோணம், அழகுநிலையம் நடத்துகிறேன்:

சொல்லவில்லை, கேட்டார். விழா முடிந்து அறைக்கு வந்து மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடியில் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அக்கா, நீங்க எத்தனை நாளைக்கு ஒருக்கா டை அடிக்கிறீங்க?" என்றார்.

"மாசம் ஒரு தடவை மேடம்" என்றேன்.

பத்து நாளைக்கு ஒரு தடவை.