கயிற்றுக் கிட்டங்கியில் கால்வாய் அருங்காட்சியகம்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: மக்களே, குளச்சலில் பூட்டிக் கிடக்கும் நம் கயிற்றுக் கிட்டங்கியை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதென்று பங்காளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். முகப்புப் பலகையில் என்ன எழுதுவது என்பதை இன்றே முடிவு செய்துவிடலாம்.

ராஜன்: பெரியப்பா, பேச்சிப்பாறை அணையையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் சேர்த்தால் வெளியூர்ப் பிள்ளைகளும் விரும்பி வருவார்கள்.

பெரியப்பா: அவை பாசனத்துக்கானவை, மக்கா. 1906-இல் முடிந்த அணைக்கும் 1966-இல் கட்டிய தொட்டிப்பாலத்துக்கும் தனி அருங்காட்சியகமே வைக்கலாம். நம்முடையது தோணி போன கால்வாயின் கதை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சரக்கு தண்ணீர் வழியே போக வேண்டும் என்று, திருவிதாங்கூர் அரசர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் மண்டைக்காட்டோடு நின்றுபோனது. அனந்த பத்மநாபன், விக்டோரியா அரசி, மார்த்தாண்டன் ஆகிய மூவர் பெயரையும் தாங்கிய அந்தக் கால்வாயை ஏ.வி.எம். என்று சுருக்கிச் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு அதன் விரிவு தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அத்தை: அண்ணே, அரசர் பெயரோடு பலகை முடிந்துவிடக் கூடாது. கரையோரத் தண்ணீரில் மாதக்கணக்காக அழுகப்போட்ட கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு எடுத்து, கட்டையால் அடித்து நாராக்கி, ராட்டில் திரித்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். நார் ஓடி ஓடி அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. ராட்டு என்னிடம் இருக்கிறது. வாசலுக்கு நேரே அதைத்தான் வைக்க வேண்டும்.

செல்வி: அத்தை சொல்வதோடு இன்னொன்றும் சேர வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். கேஸ் விளக்கில் சுடர்பட்டு ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்ததால்தான் அவர் மணவாளக்குறிச்சியைத் தேடி வந்து ஆலை அமைத்தார். கயிறு திரித்தவர்களின் முற்றத்திலிருந்தே இங்கே கனிமத் தொழில் பிறந்தது என்று நான் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ராஜன்: அப்படியானால் ராட்டுக்குப் பக்கத்திலேயே மணலையும் வைப்போம். இன்னொரு வேண்டுகோள்: கால்வாயை அழிந்துபோன ஒன்றாக எழுத வேண்டாம். தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடந்தாலும், பூவாறு முதல் இரயுமன்துறை வரையுள்ள பகுதி 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 13-ஆம் எண் தேசிய நீர்வழி.

பெரியப்பா: நல்லது. பலகையில் அதையும் எழுதுவோம். செல்வி, கிட்டங்கியின் பரணில் பாட்டா காலத்துக் கயிற்றுச் சுருள் ஒன்று இருந்ததே?

செல்வி: எடுத்துவிட்டேன், பெரியப்பா. செய்தித்தாளில் விரித்தபோது கறுப்பு மணலும், இடையிடையே தேன் நிறத்தில் சில மணிகளும் உதிர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்து வைக்கிறேன்.

அத்தை: வேண்டாம், மக்களே. உதறாமல், உதிர்ந்த மணலோடு அந்தச் செய்தித்தாளையும் அப்படியே மடித்து எடுத்து வா.