புதுப்பிப்பு: அப்பாவின் என்சைம் மாத்திரைச் செலவு

கணையப் புற்றுநோய்க்கு விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலைப்பகுதியை எடுப்பது) முடிந்த அப்பாவுக்கு, சாப்பாடு செரிக்கப் போடும் என்சைம் மாத்திரை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொன்னதும், பிராண்ட் பெயரை விட்டுவிட்டு பான்கிரியாட்டின் (அந்த மருந்தின் பொதுப்பெயர்), 25,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட் என்று எழுதிக் கொடுத்தார். கடையில் முதலில் நீட்டியது 10,000 யூனிட். விலை குறைவுதான், ஆனால் அதில் இரண்டரை போட்டால்தான் 25,000 யூனிட் மாத்திரை ஒன்றுக்குச் சமம், கணக்குப் பார்த்தால் அதுதான் அதிகம்! அப்புறம் வேறு கம்பெனியின் 25,000 கிடைத்தது. சாப்பாட்டுக்கு 2, பால் காபி பலகாரத்துக்கு 1, நாளைக்கு 8.

இதற்கிடையில் அப்பா, காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று எங்களுக்குத் தெரியாமல் ராத்திரி மாத்திரையை விட்டிருக்கிறார். எண்ணெய் மிதக்கும் மலம் திரும்ப வந்தது அதனால்தான். இப்போது முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, நடுவில் ஒன்று. எடை 2 கிலோ ஏறியிருக்கிறது.