ஒவ்வொரு பயனரின் கடைசிப் பதிவு: வெளிநாட்டில் முதல் மென்பொருள் வேலை தேடும் மலையகத் தம்பி தங்கைகளுக்கு

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று, வாடகை அறையும் வங்கிக் கணக்கும் குளிரங்கியும் ஒருவாறு அமைந்த பிறகு மென்பொருள் வேலை தேடத் தொடங்கியிருக்கும் சிலர், நேர்முகத் தேர்வில் தம்மைத் தடுமாற வைத்த கேள்வி என்று எனக்கு எழுதியவை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. பயனர்கள் ஓர் அட்டவணையில் இருக்கிறார்கள். அவர்கள் செய்தவை நேரத்துடன் இன்னோர் அட்டவணையில் பதிவாகின்றன. ஒவ்வொருவரும் கடைசியாகச் செய்தது என்ன என்று, தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு வினவல் எழுதி எடுத்துத் தர வேண்டும். விடுமுறைக்குக் கொட்டகலை வந்து இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்திருக்கும் இந்த நாள்களில் எல்லோருக்குமாக ஒரே பதிலை எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் தேயிலைக் கொழுந்துக் கணக்கை வைத்தே விளக்குகிறேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் காலை, பகல், மாலை என்று மூன்று முறை நிறுப்பார்கள். ஒரு நாள் அம்மா காலையில் 6 கிலோவும் பகலில் 9 கிலோவும் மாலையில் 4 கிலோவும் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் இலக்கத்தைக் கொண்டு குரூப் பை செய்து (ஒருவரின் பதிவுகளை ஒன்றாகத் தொகுத்து), நேரத்துக்கு ஒரு மேக்ஸ் (மிகப் பெரிய மதிப்பு), கிலோவுக்கு ஒரு மேக்ஸ் என்று போட்டால், மாலையில் 9 கிலோ என்ற விடை வரும். அப்படி ஒரு நிறுவை நடக்கவே இல்லை. கணக்கப்பிள்ளை அவ்வாறு எழுதியிருந்தால் அம்மா மகிழ்ந்திருப்பார், தோட்டத்துத் துரை விட்டிருக்க மாட்டார். தரவுத்தளமோ எந்தப் பிழையும் காட்டாமல் அந்த விடையைத் தந்துவிடும். கடைசி நேரம் எது என்பதைக் குரூப் பை சொல்லும். அந்த நேரத்துக்குரிய நிரையை முழுதாகத் தருவது அதன் வேலை இல்லை. கேட்கப்படுவது அந்த நிரை. (அட்டவணையில் கிடையாக ஓடுவது நிரை, மேலிருந்து கீழாக ஓடுவது நிரல் என்று உயர்தரத்தில் நாம் படித்த சொற்களையே எழுதுகிறேன், தமிழ்நாட்டு நண்பர்கள் இவற்றுக்கு வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள்.) கிலோவுக்கு மேக்ஸ் போடாமல் அந்த நிரலின் பெயரை மட்டும் எழுதினால், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் 5.7 பதிப்பு முதல் வழக்கமான அமைப்பில் வினவலை மறுத்துவிடும். அதற்கு முந்திய பதிப்புகள் ஏதோ ஒரு நிரையிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துப் போட்டுவிடும் என்பதால், பழைய நிறுவனங்களின் அறிக்கைகளில் இந்தப் பிழை இன்னும் ஒளிந்திருக்கக் கூடும்.

சரியான வழிகளுள் பழையது, ஒவ்வொரு பயனருக்கும் கடைசி நேரத்தை உள்வினவலில் எடுத்து, பயனர் எண், நேரம் ஆகிய இரண்டையும் கொண்டு அதே பதிவு அட்டவணையுடன் மீண்டும் ஜாயின் செய்வது (இணைப்பது). எந்தத் தரவுத்தளத்திலும் இது ஓடும். இன்று எதிர்பார்க்கப்படுவது, நிரைகளை ஒன்றாக்காமலே ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன்: பயனர் எண்ணால் பார்ட்டிஷன் செய்து (பிரித்து), நேரத்தை இறங்குவரிசையில் அடுக்கி, ரோ நம்பர் இட்டு, 1 என்ற எண் விழுந்த நிரைகளை எடுப்பது. அந்த எண்ணை அதே வினவலில் நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் சோதிக்க முடியாது. உள்ளே எண்ணிட்டு வெளியே வடிகட்ட வேண்டும். ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி போன்ற தரவுத்தளங்களில் குவாலிஃபை என்ற சொல் அந்தச் சுற்றைக் குறைத்துவிடும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில், ஒவ்வொரு பயனருக்கும் வரிசையின் முதல் நிரையை மட்டும் தரும் டிஸ்டிங்க்ட் ஆன் என்ற குறுக்குவழி இருக்கிறது. நான் விரும்பிப் பயன்படுத்துவதும் அதுதான் என்றாலும், வேறு தரவுத்தளம் வைத்திருப்பவர் முன் அதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் விண்டோ ஃபங்ஷன் 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உண்டு. ஆகவே எந்தப் பதிப்பு என்று முதலில் கேட்பது நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நம் பிள்ளைகள் பின்தங்குவது எஸ்கியூஎல் இலக்கணத்தில் அன்று, கேட்கத் தயங்குவதில் என்பதே என் அனுபவம். ஆசிரியர் தந்த கணக்கில் ஐயம் எழுப்புவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நாம், வினாவில் வேண்டுமென்றே விடப்பட்ட ஓட்டைகளையும் மௌனமாகக் கடந்துவிடுகிறோம். ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் இருந்தால் என்ன செய்வது? ரோ நம்பர் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்கும், எதை என்று உறுதியில்லை. ரோ நம்பருக்குப் பதிலாக ரேங்க் இட்டால் இரண்டுக்கும் 1 விழுந்து இரண்டும் வரும். ஒன்றுதான் வேண்டுமென்றால் பதிவு எண்ணையும் வரிசையில் சேர்க்க வேண்டும். எதுவுமே செய்யாத பயனரைக் காட்ட வேண்டுமா? தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தும் அன்று மலைக்கு வேலைக்குப் போகாதவரைப் போன்றவர் அவர். காட்ட வேண்டுமென்றால், பதிவே இல்லாத பயனரையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின் தேவை. ஆனால் பதிவு அட்டவணைக்கான நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதியில் எழுதாமல் வேர் பகுதியில் எழுதினால், லெஃப்ட் ஜாயின் எழுதியும் அவர் காணாமல் போவார். பெரிய பதிவு எண்ணைக் கடைசிப் பதிவாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு தங்கை கேட்டிருந்தார். மஸ்கெலியாப் பக்கம் சிக்னல் இல்லாத சரிவில் நிற்கும் ஒருவரின் தொலைபேசி, காலையில் நடந்ததை மாலையில்தான் அனுப்பும் என்பதை நினைத்துப் பார்த்தால், எண்ணின் வரிசையும் நிகழ்ந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது விளங்கும்.

நேரம் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அகப்பட்டது அங்கேதான். இலங்கையில் 2006 ஏப்ரலுக்குப் பிறகு கடிகாரத்தை யாரும் நகர்த்தியதில்லை. உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து ஆண்டு முழுவதும் அதே ஐந்தரை மணி வித்தியாசம். டொரொண்டோவிலோ நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணியானதும் கடிகாரம் 1 மணிக்குத் திரும்புகிறது. இங்கிலாந்தில் அது அக்டோபர் கடைசி ஞாயிறு. முதல் வேலையில் நான் பராமரித்த அமைப்பு உள்ளூர் நேரத்தையே பதிந்து வந்தது. அந்த இரவில் ஒரு பயனர் 1.50க்கு உள்ளே வந்து, இருபது நிமிடம் கழித்து வெளியேறியபோது கடிகாரம் 1.10 காட்டியது, என் வினவல் அவர் இன்னும் உள்ளேயே இருப்பதாகச் சொன்னது. பிழையில்லாத அந்த வினவலை இரண்டு நாள் திருத்திக்கொண்டிருந்தேன். பதிவுகள் யூடிசி நேரத்தில் உள்ளனவா என்று அதன்பிறகு எங்கே போனாலும் முதலில் கேட்கிறேன். இன்னொன்று, நேரம் வெறுமையாக உள்ள நிரைகள் போஸ்ட்கிரஸின் இறங்குவரிசையில் முதலில் வந்து நிற்கும். நல்ஸ் லாஸ்ட் என்று சேர்க்காவிட்டால் அவையே கடைசிப் பதிவாகிவிடும்.

வேகம் பற்றிக் கேட்டால், பயனர் எண்ணும் நேரமும் அதே வரிசையில் சேர்ந்த, தேடலை விரைவாக்கும் ஓர் இன்டெக்ஸ் என்று சொன்னால் தொடக்க வேலைக்குப் போதும்.

பயிற்சிக்குக் காசு கட்டி வகுப்பு வேண்டாம். போஸ்ட்கிரஸ் இலவசம், மடிக்கணினியில் நிறுவி, நான்கு தொழிலாளர்களும் பன்னிரண்டு நிறுவைகளும் கொண்ட ஒரு மடுவத்தை அமையுங்கள். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிறுவைகள், இன்னொருவருக்கு நேரம் எழுதப்படாத ஒன்று, நான்காமவருக்கு எதுவுமே இல்லை என்று வையுங்கள். ஜாயின், ரோ நம்பர், டிஸ்டிங்க்ட் ஆன் மூன்றையும் ஓட்டி, எந்த இடத்தில் விடைகள் வேறுபடுகின்றன, ஏன் என்று முதலில் தமிழிலேயே உரக்கச் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். விளங்காமல் நிற்கும் இடத்தை வினவலோடு அப்படியே எழுதி அனுப்பினால், நான் திரும்பிப் போவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.